டோரிகல் ஹாலின் ஒற்றைச் சிவப்பு

“ஆட்டுக்குக் காதுல அடையாளம் இருக்கும்,” என்றாள் மெர்ல் டன்கோம்ப். “ஓட்டுக்கு எங்க இருக்கு?”

“ஓட்டுக்கு அடையாளம் தேடினா நம்மள உள்ள வெச்சிடுவாங்க, பாஸ்,” என்றான் ராய்ஸ்.

வண்டி சரளைக்கல் மேல் குதித்துக்கொண்டு போனது. டோரிகல் சாலைக்குத் தார் போடுவதாக ஒவ்வொரு தேர்தலிலும் சொல்வார்கள். போட மாட்டார்கள். கல்லரூ தொகுதியில் சொன்னதைச் செய்ய வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. போர் முடிந்த நாளிலிருந்து அது பச்சைச் சட்டைக் கட்சியின் தொகுதி. சிவப்புச் சட்டைக்காரர்கள் பெயருக்கு ஒரு ஆளை நிறுத்துவார்கள். அந்த ஆள் டோரிகல் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் கூடப் பார்த்திருக்க மாட்டார்.

மெர்ல் இருபது வருடம் போலீஸில் ஆட்டுத் திருட்டைப் பார்த்தவள். இப்போது டவுனில் தீவனக் கடைக்கு மேலே ஒரு அறை எடுத்துக்கொண்டு, காணாமல் போன ஆடுகளையும் கணவர்களையும் கண்டுபிடித்துக் கொடுக்கிறாள். ராய்ஸ் கம்பளி கத்தரித்துக்கொண்டிருந்தவன். முதுகு போய் வாய் மட்டும் மிஞ்சியது. அந்த வாயோடு அவளிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

நேற்று ஜோஸி பென்ரோஸ் வந்திருந்தாள். உட்காரவில்லை.

“டோரிகல் ஹால்ல ஓட்டு எண்ணினா எல்லாம் பச்சையா இருக்கும். ஒண்ணே ஒண்ணு சிவப்பு. அது எங்கப்பாதான்னு முப்பது வருஷமா சொல்றாங்க. யாரும் அவரோட பேச மாட்டாங்க. பெரிய காட்டுத்தீ வந்தப்போ தண்ணி டேங்கர் எங்க வீட்டுக்குத்தான் கடைசியா வந்துது. கம்பளிக் கொட்டகை போச்சு.”

“இப்ப என்ன?”

“போன தேர்தலப்போ அப்பா டவுன்ல முதியோர் இல்லத்துக்கு வந்துட்டாரு. இங்கதான் ஓட்டுப் போட்டாரு. ஆனாலும் ஹால்ல ஒரு சிவப்பு விழுந்திருக்கு. அப்ப அது அவர் இல்லையே. யாருன்னு கண்டுபிடிங்க. அவருக்கு இன்னும் சில வாரம்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவர் காது கேக்கறப்போவே ஹால்ல வெச்சு அதைச் சொல்லணும்.”

சனிக்கிழமை இடைத்தேர்தல். தொகுதி உறுப்பினர் பதவியை விட்டுவிட்டு நகரத்தில் ஏதோ வாரியத்தில் உட்காரப் போய்விட்டார்.

ஊரின் பொதுக்கூடமான தகர ஹாலின் வாசலில் அல்பி டிரெவின் கம்பிவேலியில் பச்சைத் துணி கட்டிக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டிய ஆள். கட்சியின் உள்ளூர்த் தலைவர். தேர்தலன்று வாசலில் நின்று, எந்தப் பெயருக்கு எந்த எண் போட வேண்டும் என்று அச்சடித்த கைச்சீட்டு கொடுப்பார். அங்கே வேட்பாளர்களுக்கு விருப்ப வரிசைப்படி ஒன்று, இரண்டு என்று எண் போடுவதுதான் ஓட்டு; ஒன்று யாருக்கோ சீட்டு அவர் கணக்கில் சேரும். மாலையில் உள்ளே போய் எண்ணுவதைப் பார்வையிடுவார். சிவப்புக் கட்சி டோரிகலுக்குப் பார்வையாளரை அனுப்பியதே இல்லை.

“கிளாரி பென்ரோஸ நல்லவனாக்க வந்திருக்கியா?” என்றார் அல்பி. “ஜோஸி உன்கிட்ட வந்தது எனக்குத் தெரியும்.”

“அவர் இங்க இல்லாதப்பவும் சிவப்பு விழுந்திருக்கே, அல்பி.”

“பொண்ணு போட்டிருப்பா. ரத்தம்.”

“அப்ப முன்னாடி அவ இங்க ஓட்டுப் போட்டப்போ ரெண்டு சிவப்பு விழலையே?”

அல்பி முடிச்சை இறுக்கினார்.

“கிளாரிதான்னு முதல்ல எப்படித் தெரிஞ்சுது?” என்றாள் மெர்ல்.

“சீட்டுல எண்ணெய். அந்தச் சிவப்புச் சீட்டு முழுக்கக் கொழுப்புக் கறை. இங்க எல்லாரும் ஓட்டுப் போட்டுட்டுத்தான் சாசேஜ் சாப்பிடுவோம். அதான் முறை. கிளாரிக்குப் பொறுமை கிடையாது. ரொட்டியும் சாசேஜுமா உள்ள போவான். ஊரே பாத்துச்சு.”

“நல்லவேளை, கடுகு சாஸ் கேக்கல,” என்றான் ராய்ஸ். “தேசத் துரோகம்னு உள்ள போட்டிருப்பீங்க.”

“இவன எங்க பிடிச்ச?”

“ஆட்டுப் பட்டியில,” என்றாள் மெர்ல். “ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு சிவப்பு விழுந்துதா?”

அல்பி வேலிக் கம்பத்தில் சாய்ந்துகொண்டார். பிடித்த பாட்டைப் பாடச் சொன்னது போல் முகம் மாறியது.

“இல்ல. அதான் அவனோட சாமர்த்தியம். அந்த முதல் தடவ சிவப்பு. அடுத்தது, கோடைக்காலத்துல கடிகாரத்த ஒரு மணி முன்ன தள்ளக் கூடாதுன்னு ஒரு கிறுக்கன் நின்னானே, அவனுக்கு ஒண்ணு. சிவப்பு சுத்தமா இல்ல. எங்கள ஏமாத்தப் பாக்கறான். அடுத்தது சிவப்பு. அப்புறம் ஒரு தடவ நூத்துக்கு நூறு பச்சை. அன்னிக்கு நான் அழுதுட்டேன்.”

“அந்தப் பச்சை வருஷம் ஓட்டுச்சீட்டுல உங்காளு எத்தனாவது வரி?”

“என்ன கேள்வி இது?”

“சும்மா. பேர் வரிசையக் குலுக்கல்லதானே முடிவு பண்றாங்க.”

“அந்த வருஷம் அதிர்ஷ்டம். நம்மாளு மேல. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நேராப் போட்டாப் போதும். கைச்சீட்டே தேவைப்படல.”

“கடிகாரக் கிறுக்கன் நின்னப்போ?”

“அவன் மேல. நம்மாளு கடைசி. எல்லாருக்கும் விளக்கி விளக்கித் தொண்ட போச்சு.”

“சிவப்பு விழுந்த வருஷமெல்லாம்?”

கேள்வி எங்கே போகிறது என்று அல்பிக்குப் புரியவில்லை. “சிவப்புதான் மேல,” என்றார். “அதுக்கென்ன?”

“ஒண்ணுமில்ல. செல்லாத சீட்டெல்லாம் விழுமா?”

“எப்பவும் ஒண்ணு விழும். தேர்தல் அதிகாரி தனியா எடுத்துக் குப்புறப் போட்டுடுவாரு. போன தடவதான் அதுவும் இல்ல. கடைசியில எல்லாரும் ஒழுங்கா எண் போடக் கத்துக்கிட்டாங்க.”

“செல்லாத சீட்ட நீங்க பாக்கறதில்லையா?”

“செத்த ஆட்ட எவனாவது எண்ணுவானா, மெர்ல்?”

அவர் துணிச் சுருளை எடுத்துக்கொண்டு வேலியின் மறுமுனைக்குப் போனார்.

“எனக்கு ஒண்ணும் புரியல,” என்றான் ராய்ஸ். “அவருக்கும் புரியல. ஆனா எனக்குச் சம்பளம் வருது.”

“அந்த ஓட்டுக்குக் கட்சியே கிடையாது, ராய்ஸ். யாரு மேல இருக்காங்களோ அவங்களுக்கு ஒண்ணு. அப்படியே கீழ இறங்கி ரெண்டு, மூணு. பேரக் கூடப் படிக்காத ஆளு. போடலன்னா அபராதம், அதனால போடறாங்க. அவசரத்துல போடறாங்க. கையில கொழுப்போட.”

ஹாலின் சமையலறையிலிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஐயோ பாஸ்,” என்றான் ராய்ஸ் மெதுவாக. “அது அல்பியோட பொண்டாட்டி.”

யூனா டிரெவின் சனிக்கிழமைக்காக, சாசேஜ் வாட்டும் தட்டடுப்பை ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்புறம் எண்ணெய் படிந்த ஏப்ரன். அவர் இல்லாமல் டோரிகலில் தேர்தல் நடந்ததில்லை. ஹாலின் கூரை, நாற்காலிகள், பியானோ எல்லாம் அவர் விற்ற சாசேஜில் வந்தவை.

“சாப்பிடுங்க,” என்றார். “சரியா வெந்திருக்கான்னு சொல்லுங்க.”

ராய்ஸ் இரண்டு எடுத்துக்கொண்டான்.

“யூனா, தேர்தலன்னிக்கு உங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காதே. நீங்க எப்ப ஓட்டுப் போடுவீங்க?” என்றாள் மெர்ல்.

“வெங்காயத்தத் திருப்பிப் போட்டுட்டு ஓடுவேன். அது அடி பிடிக்கறதுக்குள்ள வந்துடணும்.”

“கை கழுவ?”

“நேரமேது?”

சொன்ன பிறகுதான் யூனா மெர்லின் முகத்தைப் பார்த்தார். இடுக்கியைக் கீழே வைத்தார். வெளியே அல்பி சுத்தியலால் ஏதோ அடிக்கும் சத்தம் கேட்டது.

“கதவச் சாத்து,” என்றார் ராய்ஸிடம். அவன் சாத்தினான்.

“முதல் தடவ எனக்குத் தெரியாது. சத்தியமா. யாரு ஜெயிப்பாங்கன்னு ஊருக்கே தெரியும். ஜெயிக்கற ஆளு மூஞ்சிய நான் ஒரு தடவ கூட நேர்ல பாத்ததில்ல. மேலேருந்து கீழ எண் போட்டுட்டு வந்துட்டேன். ராத்திரி அல்பி வந்து எண்ணெய்க் கறைன்னு கத்தினப்போதான் என் கையப் பாத்தேன்.”

“அப்பவே சொல்லியிருக்கலாம்.”

“அதுக்குள்ள இவர் கிளாரி வீட்டு வாசல்ல போய்ச் சத்தம் போட்டுட்டு வந்துட்டாரு. நானும் பயந்துட்டேன். கிளாரி இல்லன்னு சொல்லுவாரு, அப்ப சொல்லிக்கலாம்னு இருந்தேன். அவர் சொல்லவே இல்ல, மெர்ல். சிரிச்சுக்கிட்டு நின்னாரு. முப்பது வருஷத்துல ஒரு தடவ கூட இல்லன்னு சொல்லல.”

“அடுத்த தடவ பேரப் படிச்சுப் போட்டிருக்கலாமே.”

“படிச்சா அல்பியோட ஆளுக்குப் போடணும்,” என்றார் யூனா. “எனக்கு அவன் வேண்டாம். இவனுங்களும் வேண்டாம். வெங்காயம் மட்டும் கருகக் கூடாது.”

“கொட்டகை எரிஞ்சுது, யூனா.”

அவர் ஏப்ரனால் மேடையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

“சனிக்கிழமை ஹால்ல சொல்லுங்க. ஒரே ஒரு வரி.”

“மாட்டேன். நான் அல்பியோட வாழணும். நீ போய்ச் சொன்னா நான் இல்லன்னுடுவேன். ஓட்டு ரகசியம். என்ன பண்ணுவ?”

மெர்லால் ஒன்றும் பண்ண முடியாது. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

வண்டியில் ஏறியதும் மெர்ல் கதவை அறைந்து சாத்தினாள். அது மூடவில்லை. மறுபடி அறைந்தாள்.

“கண்டுபிடிச்சாச்சு, பாஸ். சந்தோஷப்படலாமே.”

“என்னத்த? குற்றவாளி கிடைச்சாச்சு, சாட்சி கிடையாது, ஒப்புக்கிட்டதையும் இல்லன்னுடுவாங்க. ஆட்டுத் திருடனாவது ஆட்ட வெச்சிருப்பான்.”

சிறிது தூரம் போனதும் அவள் வேகத்தைக் குறைத்தாள்.

“செய்யாத ஒருத்தன் ஏன் இல்லன்னு சொல்லாம இருக்கான்?”

“எங்க மாமா அப்படித்தான். அத்த திட்டினா வாயத் திறக்க மாட்டாரு.”

“உங்க மாமா செஞ்சிருப்பாரு.”

ராய்ஸ் யோசித்தான். “ஆமா,” என்றான். “செஞ்சிருந்தாரு.”

முதியோர் இல்லத்தில் கிளாரி பென்ரோஸ் ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தார். மூக்கில் காற்றுக் குழாய். ஜோஸி பக்கத்தில் நின்றாள். நடமாடும் வாக்குச்சாவடிக்காரர்கள் அன்று பிற்பகல் வருவதாக இருந்தது. நடக்க முடியாதவர்கள் சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்.

“மிஸ்டர் பென்ரோஸ், ஹால்ல விழுந்த அந்தச் சிவப்பு ஓட்டு உங்களோடது இல்ல. யாரோடதுன்னு எனக்குத் தெரியும்,” என்றாள் மெர்ல்.

ஜோஸி கண்களை மூடிக்கொண்டாள். “கேட்டீங்களா அப்பா?”

“கேட்டேன்,” என்றார் கிளாரி. “பொய். அது என்னோடதுதான்.”

“அப்பா.”

“எங்கப்பன் சுரங்கத்துல செத்தவன். நான் பச்சைக்குப் போடுவேனா? ஒவ்வொரு தேர்தலுக்கும் சிவப்புக்குத்தான் போட்டேன். அல்பி வாசல்ல வந்து கத்தினப்போ எனக்குப் பெருமையா இருந்துச்சு. இவ கேட்டா சொல்லியிருப்பேன். இவ கேக்கல. நான் செஞ்சிருக்க மாட்டேன்னு இவளே முடிவு பண்ணிக்கிட்டா.”

ஜோஸி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“சில வருஷம் ஹால்ல சிவப்பே விழல,” என்றாள் மெர்ல். “ஒண்ணு கூட இல்ல. அந்த வருஷமும் போட்டீங்களா?”

“போட்டேன்னு சொல்றேன்ல.”

“எப்படிப் போட்டீங்க? செஞ்சு காட்டுங்க.”

ராய்ஸ் காப்பிக் கோப்பைக்கு அடியிலிருந்த காகிதத் துண்டில் ஐந்து கட்டம் வரைந்து கொடுத்தான். கிளாரி பென்சிலை வாங்கினார். சிவப்பு என்று வைத்துக்கொண்டு இரண்டாவது கட்டத்தில் ஒன்று என்று அழுத்திப் போட்டார். பென்சிலைக் கீழே வைத்தார்.

“மீதி?”

“மீதி எதுக்கு? மத்தவனுக்கெல்லாம் எண் போட்டா பச்சைக்கும் ஒண்ணு போடணும். கடைசி எண்ணா இருந்தாலும் அவனுக்கு நான் எண் போட மாட்டேன்.”

“எல்லாக் கட்டத்தையும் நிரப்பணும்னு சீட்டுல மேல எழுதியிருக்குமே.”

“அது எழுதுவாங்க. வேலிக் கேட்டச் சாத்திட்டுப் போங்கன்னு எழுதற மாதிரி.”

ராய்ஸ் அந்த நாலு வெற்றுக் கட்டங்களையே பார்த்தான். அதைக் கவனித்துக் கிளாரி அவனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெர்லைப் பார்த்தார்.

“என்ன?”

“டோரிகல்ல ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு செல்லாத சீட்டு விழுந்திருக்கு,” என்றாள் மெர்ல். “நீங்க இங்க வந்த பிறகு அது விழல.”

கிளாரிக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் காகிதத்தைத் திருப்பி வைத்தார்.

“கொட்டகை எரிஞ்சுது.”

“தெரியும்.”

“வாசல்ல நின்னு பாத்தேன். டேங்கர் அடுத்த வீட்டுக்குப் போச்சு. சரி, போகட்டும், ஒரு ஓட்டுக்காக எரியட்டும்னு நின்னேன்.” அவருக்கு மூச்சு வாங்கியது. “ஒரு தடவ கூடவா எண்ணல?”

“இல்ல.”

“அப்ப சிவப்பு யாரு?”

“அத நான் சொல்ல முடியாது. சொன்னாலும் அவங்க இல்லன்னுடுவாங்க.”

கதவு தட்டப்பட்டது. அட்டைப் பெட்டியோடு ஒரு பெண்ணும் ஒரு ஆணும். “மிஸ்டர் பென்ரோஸ், ஓட்டுப் போட்டுடலாமா? உக்காந்த இடத்துலயே.”

“வேண்டாம்,” என்றார் கிளாரி.

“அப்பா, போட்டுடுங்க. எல்லாக் கட்டத்துலயும் போட்டுடுங்க, போதும்.”

“இங்க போட்டா டவுன் கணக்குல போகும். ஹால் பெட்டியில விழணும். அல்பி கையால அதத் தொடணும்.”

“அந்த ரோட்டுல உங்களக் கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு.”

“தார் போடறதா சொல்லியிருக்காங்களே,” என்றார் கிளாரி.

சனிக்கிழமை ஜோஸி மெதுவாகத்தான் ஓட்டினாள். ஆனாலும் ஹாலில் இறங்கும்போது அவர் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. வரிசை தானாக வழிவிட்டது. மரியாதைக்காக அல்ல. பழக்கம்.

அல்பி கைச்சீட்டை நீட்டவில்லை. முப்பது வருடமாக அவருக்கு நீட்டியதில்லை.

“ஒண்ணு குடு,” என்றார் கிளாரி.

“எதுக்கு?”

“எத்தன பேரு நிக்கறாங்கன்னு பாக்கணும்.”

அட்டைத் தடுப்புக்குப் பின்னால் சக்கர நாற்காலி நெடுநேரம் நின்றது. வரிசையில் இருந்தவர்கள் கால் மாற்றி நின்றார்கள். அதிகாரி கிட்டே போய், “உதவி வேணுமா?” என்று கேட்டார்.

“வேண்டாம். அஞ்சு போடக் கத்துக்கிட்டு இருக்கேன்.”

மெர்ல் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். யூனா இடுக்கியோடு அசையாமல் நின்று அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் வெங்காயம் கருகிப் புகைந்தது. அவர் அதைத் திருப்பவில்லை. சிறிது நேரம் கழித்து அடுப்பையே அணைத்தார். குழாயைத் திறந்து கை கழுவினார். சோப்புப் போட்டு, விரல் விரலாக. பிறகு வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

மெர்ல் ஜன்னலை விட்டு நகர்ந்தாள்.

மாலை ஆறு மணிக்குக் கதவைச் சாத்தி எண்ண ஆரம்பித்தார்கள். ஊர்க்காரர்கள் ஹால் படிகளில் பீர் பாட்டில்களோடு உட்கார்ந்தார்கள். ஜோஸி இல்லத்துக்குத் திரும்பலாம் என்றாள். கிளாரி நாற்காலிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். உள்ளே எண்ணி முடிப்பதற்குள் யாரோ வண்டியில் ரேடியோவை வைத்தார்கள். கல்லரூ இடைத்தேர்தலில் பச்சைக் கட்சி வெற்றி. அறிவிப்பாளர் அடுத்து மழை நிலவரத்துக்குப் போனார்.

“முடிஞ்சுது,” என்றான் ராய்ஸ். “நாட்டுல வேகமா நடக்கற ஒரே வேலை.”

கதவு திறந்தது. அல்பி வந்தார். முகம் சிவந்திருந்தது.

“ரெண்டு,” என்றார். “சிவப்பு ரெண்டு.”

எல்லாரும் சக்கர நாற்காலியைப் பார்த்தார்கள். பிறகு ஜோஸியைப் பார்த்தார்கள்.

“நான் இப்ப டவுன்ல இருக்கேன்,” என்றாள் ஜோஸி. “அங்கயே போட்டுட்டேன்.”

“அப்ப இன்னொருத்தன் யாரு?” என்றார் அல்பி. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். “நம்ம நடுவுல உக்காந்துக்கிட்டு, நம்ம சாசேஜத் தின்னுக்கிட்டு. தைரியம் இருந்தா எழுந்து சொல்லட்டும்.”

“கத்தாத, அல்பி,” என்றார் யூனா.

அவர் சமையலறைக் கதவருகே நின்றார். ஏப்ரன் இல்லை.

“ஒண்ணு என்னுது. முதல்லேருந்து என்னுதுதான். அப்பல்லாம் படிக்காமப் போட்டேன். இன்னிக்குப் படிச்சுட்டுப் போட்டேன்.”

அல்பி அவரைப் பார்த்தார். திரும்பி மூடிய ஹால் கதவைப் பார்த்தார். உள்ளே போய் மறுபடி எண்ணினால் மாறிவிடும் என்பது போல.

“கடிகாரக் கிறுக்கன்?” என்றார் கடைசியில்.

“அதுவும்.”

ஒரு பாட்டில் படியில் உருண்டு நின்றது. முன்வரிசையில் இருந்த ஒரு கிழவர் எழுந்தார். தீயணைப்பு டேங்கரை அந்தக் காலத்தில் ஓட்டியவர். தொப்பியைக் கழற்றிக்கொண்டு கிளாரியிடம் வந்து நின்றார்.

“அப்ப நீ இல்லையா? இத்தன வருஷமும்?”

ஜோஸி மெர்லைப் பார்த்தாள். அவள் கேட்டது இதுதான். ஹாலில், ஊர் முன்னால், அப்பாவின் காது கேட்கும்போதே. இல்லை என்று ஒரு வார்த்தை போதும்.

கிளாரி மூச்சைச் சேர்த்துக்கொண்டார்.

“இன்னொண்ணு என்னுது,” என்றார். “எனக்கு இதான் முதல் ஓட்டு.”